முதியவர் புகையாகக் கரைந்து காகமாகத் திரள வேண்டும்: புகை ஒன்றுகூட மறுக்கிறது

கரிக்கோடு

வணக்கம். ஒரு குறும்படத்திற்கான ஒரே ஒரு ஷாட்டில் மூன்று வாரங்களாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் விரல் நுனியிலிருந்து கரையத் தொடங்கி, முழுவதும் புகையாகி, அந்தப் புகை அறையைக் கடந்து சென்று சன்னல் விளிம்பில் ஒரு காகமாகத் திரள வேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் ஐந்து நொடிக்கு 120 பிரேம்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், புகையைக் கணக்கிடும் மாண்டாஃப்ளோ பகுதியைக் கொண்டு செய்கிறேன். புகை கணக்கிடப்படும் பெட்டியான டொமைன் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உடையது, அதைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ரெசல்யூஷன் 256.

இரண்டு இடங்களில் வேலை கெடுகிறது. முதலாவது, முதியவரின் மெஷ்ஷிலிருந்து (முப்பரிமாண உருவ வலையிலிருந்து) புகையை வெளியேற்றி, அது நன்றாக அடர்ந்ததும் மெஷ்ஷை மறைத்துவிடுகிறேன். பார்த்தவர்கள் எல்லோரும், புகைத் திரைக்குப் பின்னால் ஆளைத் தூக்கிவிட்டீர்கள் என்றே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், நான் செய்திருப்பதும் அதுவே. இரண்டாவது, காகம் இருக்கும் இடத்தில் இழுக்கும் விசைப்புலம் ஒன்றை வைத்திருக்கிறேன். புகை அதை நோக்கி வருகிறது, ஆனால் அங்கே திரள்வதில்லை. காகத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. விசையைப் பத்து மடங்கு கூட்டிப் பார்த்தேன். பத்து மடங்கு வேகமாக வழுக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

அரைநிழல்

முதல் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இரண்டாவதன் வேரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. புகை உருவத்தை மறைக்கும்படி அமைத்தால் அது திரைதான். உருவம் தேயத் தேய அந்தத் தேய்மானமே புகையாக வெளியேறும்படி அமைத்தால்தான் அது உருமாற்றம். ஆகவே புகையைத் தொடும் முன்பே, புகையே இல்லாமல், முதியவரின் உடல் மட்டும் கரைந்து மறையும் காட்சியைச் செய்து முடியுங்கள். அது தனியாகப் பார்க்கும்போதே நன்றாக இருக்க வேண்டும். அதில் கண் ஒட்டவில்லையென்றால் மேலே எவ்வளவு புகையைக் கொட்டினாலும் பயனில்லை.

செய்முறை இதுதான். ஒரு பொருள் தொட்ட இடத்தை மற்றொன்றில் பூச்சாகப் பதியும் டைனமிக் பெயிண்ட்டை உடல் மெஷ்ஷின் மேல் சேர்த்து, அதைப் பூச்சு ஏற்கும் கேன்வாஸாக வையுங்கள். விரல் நுனியிலிருந்து தோள் வழியாக உடல் முழுவதையும் கடந்து செல்லும் ஒழுங்கற்ற பாறை போன்ற ஒரு மெஷ்ஷைப் பிரஷ்ஷாக வையுங்கள். அந்தப் பாறையின் மேற்பரப்பில் நல்ல மேடுபள்ளம் இருந்தால் கரையும் விளிம்பும் கிழிந்த துணியைப் போல் வரும். கேன்வாஸில் வெயிட் வகையில் (உச்சிகளுக்கு எண் மதிப்பு கொடுக்கும் வகை) இரண்டு தளங்களை உருவாக்க வேண்டும். முதல் தளத்தில் பூசியது பூசியபடியே நிற்கட்டும். எந்தப் பகுதி அழிந்துவிட்டது என்று சொல்லும் மாஸ்க் அதுதான். இரண்டாம் தளத்தில் பூச்சைத் தானாக மங்கச் செய்யும் டிசால்வ் வசதியை இயக்கி அதன் காலத்தை 8 பிரேம் அளவில் வையுங்கள். அப்போது பூச்சு பட்ட இடம் சில பிரேம்களுக்குள் மீண்டும் வெறுமையாகிவிடுவதால், எந்த நேரத்திலும் கரையும் விளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை மட்டுமே மிஞ்சும். இந்தப் பட்டையின் வெர்டெக்ஸ் குரூப்பைத்தான் (உச்சிகளின் தொகுப்பைத்தான்) புகை வெளியேற்றும் பகுதியாக, புகையின் பிறப்பிடத்தை வரையறுக்கும் ஃப்ளோ அமைப்பில் கொடுக்க வேண்டும்.

இப்போது முழு உடலிலிருந்தும் புகை வராது. அழிந்துகொண்டிருக்கும் விளிம்பில் மட்டும் வரும், விளிம்பு நகர நகரப் புகையின் பிறப்பிடமும் நகரும். சட்டையின் மடிப்பு ஒன்று விளிம்பில் நூல்நூலாகப் பிரிந்து அந்த நூலே புகையாக இழுபடுவதைப் பார்க்கும்போது, ஆளைத் தூக்கிவிட்டீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மெஷ்ஷில் உச்சிகள் நெருக்கமாக இல்லாவிட்டால் விளிம்பு பல்லிளிக்கும், அடர்த்தியைக் கூட்டுங்கள். மெஷ்ஷின் மேல் அடுத்தடுத்து இயங்கும் மாடிஃபையர்களின் வரிசையில் டைனமிக் பெயிண்ட் மேலேயும் ஃப்ளூயிட் கீழேயும் இருக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துவிட்டு நான் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

ஒட்டுப்படலம்

இவ்வளவும் தேவையா என்று கேட்டுவிடுகிறேன். கேமரா அசையாத ஷாட்டாக இருந்தால், கறுப்புப் பின்னணியில் படமாக்கப்பட்ட உண்மையான புகைக் காட்சிகளைக் கம்போசிட்டிங்கில் (படலங்களை ஒன்றாகக் கலக்கும் கட்டத்தில்) அடுக்கி, உடலின் மாஸ்க்கைக் கையால் வரைந்து, ஒரே நாளில் முடித்துவிடலாம். உண்மையான புகையில் இருக்கும் நுண்ணிய இழையோட்டத்தை எந்த சிமுலேஷனும் அவ்வளவு மலிவாகத் தந்துவிடாது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். அப்படி எடுத்த காட்சிகளை ஸ்கிரீன் முறையில் கலப்பது, இருண்ட பின்னணியின் மேல் வெளிறிய புகைக்கு மட்டுமே பொருந்தும். வெளிச்சமான சன்னலுக்கு முன்னால் கரும்புகை வேண்டுமென்றால் அந்த முறை எதையும் மறைக்காது, ஒளியைக் கூட்ட மட்டுமே செய்யும். அங்கே புகையின் பிரகாசத்தையே ஆல்ஃபாவாக, அதாவது ஒளிபுகாமையின் அளவாக, மாற்றிக்கொண்டு, அதற்குத் தனியாக நிறம் கொடுக்க வேண்டியிருக்கும்.

கரிக்கோடு

கேமரா நகர்கிறது ஒட்டுப்படலம் அவர்களே. முதியவரின் முழங்கையருகே தொடங்கி, புகையோடு சேர்ந்தே திரும்பி, சன்னலில் முடிகிறது. பாதி வழியில் புகை கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆகவே தட்டையான படலங்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அரைநிழல் சொன்ன இரண்டு தள முறையைச் செய்து பார்த்தேன். கைப்பகுதி மட்டும் பேக் செய்ததிலேயே (கணக்கிட்டுச் சேமித்ததிலேயே) வித்தியாசம் தெரிகிறது. மிக்க நன்றி. காகத்தின் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நீர்ச்சுழி

புகை வழுக்கிக்கொண்டு போவது உங்கள் அமைப்பில் உள்ள பிழையன்று. புகையின் ஓட்டத்தைக் கணக்கிடும் நிரலான சால்வர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. இதைப் புரிந்துகொள்ளாமல் விசையைக் கூட்டிக்கொண்டே போனால் மூன்று வாரம் மூன்று மாதமாகும்.

இன்று நாம் பயன்படுத்தும் புகைச் சால்வர்களில் பெரும்பாலானவை ஜோஸ் ஸ்டாம் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட நிலையான பாய்மக் கணக்கீட்டு முறையின் வழிவந்தவை. அம்முறையில் காற்று அமுங்காத பாய்மமாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் விசைகளைச் சேர்த்த பிறகு, ஒரு வாக்ஸலுக்குள் (டொமைனின் ஒரு சிறு கனசதுரத்துக்குள்) நுழையும் காற்றும் அதிலிருந்து வெளியேறும் காற்றும் சமமாக இருக்கும்படி அழுத்தம் திசைவேகத்தைத் திருத்திவிடும். அந்தத் திருத்தம் இருப்பதால்தான் புகை அழகாகச் சுருள்கிறது. அதே திருத்தம்தான் உங்களுக்கு எதிராகவும் நிற்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒரு புள்ளியை நோக்கி இழுக்கும் விசை என்பது, காற்றை அந்தப் புள்ளியில் அமுக்கச் சொல்வது. அமுங்காத பாய்மம் அதை ஏற்காது. மேகம் மொத்தமாக நகர்ந்து வரும், ஆனால் சுருங்காது.

எண்ணால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு மனித உடலின் கொள்ளளவு ஏறத்தாழ 70 லிட்டர். அது புகையாகப் பரவும்போது ஓரிரு கன மீட்டரை, அதாவது ஓராயிரம் இரண்டாயிரம் லிட்டரை, நிரப்பியிருக்கும். காகத்தின் உடலோ ஓரிரு லிட்டர்கூடத் தேறாது. ஆயிரம் லிட்டர் புகையை ஒரு லிட்டர் பறவைக்குள் நுழைக்கச் சொல்கிறீர்கள்; கொள்ளளவு மாறக் கூடாது என்பதையே அடிப்படை விதியாகக் கொண்ட ஒரு நிரலிடம் போய்ச் சொல்கிறீர்கள்.

புகையைக் குறிப்பிட்ட வடிவத்திற்கு வரவழைப்பது ஆய்வுலகிலும் தனிச் சிக்கலாகவே கருதப்பட்டது. 2003-இல் குறிப்பிட்ட பிரேம்களில் வேண்டிய வடிவத்தை (கீபிரேம்) கொடுத்துப் புகையைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்று வந்தது. தேவையான விசைகளைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்கும், ஆனால் கணக்கீடு மிகவும் கனமானது. 2004-இல் ஃபத்தால், லிஷின்ஸ்கி இருவரும் இலக்கு வடிவத்தை நோக்கிப் புகையை ஓட்டும் விசையோடு, பரவிப்போன புகையைத் திரும்பச் சேர்க்கும் தனி உறுப்பு ஒன்றையும் சமன்பாட்டில் வைத்தார்கள். ஓட்டும் விசை மட்டும் போதாது என்பதை அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, வாக்ஸல் கணக்கு. ரெசல்யூஷன் 256 என்பது மிக நீண்ட பக்கத்திற்கு உரியது. 6 மீட்டரை 256-ஆல் வகுத்தால் ஒரு வாக்ஸலின் பக்கம் 2.3 சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள காகத்திற்கு மூக்கிலிருந்து வால் வரை இருபது வாக்ஸல்கள்கூட முழுதாகக் கிடைக்காது. அதன் அலகு இரண்டு மூன்று வாக்ஸல்களுக்குள் முடிந்துவிடும். புகை மனமுவந்து திரண்டாலும் உருளைக்கிழங்கு வடிவத்தில்தான் திரளும். ரெசல்யூஷனை 512 ஆக்கினால் இப்போதுள்ள சுமார் 75 லட்சம் வாக்ஸல்கள் எட்டு மடங்காகி 6 கோடியைத் தொடும், போதாக்குறைக்கு நேரப் படிகளும் நுணுக்கமாக வேண்டியிருக்கும். அந்த வழியில் போகாதீர்கள்.

ஒட்டுப்படலம்

இயற்பியல் வகுப்புக்கு நன்றி. இதற்கெல்லாம் எளிய தீர்வு ஒன்று உண்டு, பலரும் பல்லாண்டுகளாகச் செய்து வருவதுதான்: காகத்தைக் கரையவிட்டு, அதைப் பின்னோக்கி ஓட்டுங்கள். முதியவருக்குச் செய்த அதே இரண்டு தள முறையைக் காகத்திற்கும் செய்து, 1.5 மீட்டர் பக்கமுள்ள சிறிய டொமைன் ஒன்றில் பேக் செய்தால், அதே 256 ரெசல்யூஷனில் வாக்ஸல் 6 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். இறகு விளிம்புகள்கூடத் தெரியும்.

பேக் செய்த புகை சேமிக்கப்பட்டிருக்கும் ஓப்பன்விடிபி கோப்புகளைத் தனி வால்யூமாக உள்ளே கொண்டுவாருங்கள். அதன் வரிசை அமைப்பில் பிங்பாங் என்றொரு முறை இருக்கிறது. முன்னே போய்ப் பின்னே திரும்பும். தொடக்க எண்ணைச் சற்று நகர்த்தி, திரும்பி வரும் பாதி மட்டும் உங்கள் பிரேம்களில் விழும்படி வைத்தால் வேலை முடிந்தது. ஹூடினி என்ற மென்பொருளில் செய்பவர்களுக்கு டைம் ஷிஃப்ட் நோட் ஒன்றே போதும்.

நீர்ச்சுழி

சிறிய டொமைன் என்ற கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். பின்னோட்டத்தை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. புகை கரையும்போது பெரிய சுழல்கள் சிறியவையாக உடைகின்றன, விளிம்பில் காளான் குடைகள் மலர்கின்றன, சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு புகை மெலிகிறது. இதைத் திருப்பி ஓட்டினால் சிறு சுழல்கள் ஒன்றுசேர்ந்து பெரியவையாகின்றன, காளான்கள் மூடிக்கொள்கின்றன. பெயர் சொல்லத் தெரியாதவர்களுக்கும் கண் அதைப் பிடித்துவிடும். படத்தைத் திருப்பி ஓட்டுகிறார்கள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பிரேம்களுக்கு மேல் தாங்காது என்பது என் அனுபவம்.

செய்யத்தான் வேண்டுமென்றால், அந்தக் காகத்தின் சிமுலேஷனில் மிதப்பு விசையை ஏறக்குறையப் பூச்சியமாக்கி, சுழல் அளவையும் குறையுங்கள். மேலெழும் புகை திருப்பி ஓட்டும்போது கீழே கொட்டும். மோஷன் பிளர் (அசைவு மங்கல்) இருந்தால், கோப்பில் பதிந்திருக்கும் திசைவேகம் இப்போது எதிர்த் திசையைக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஷட்டர் பிரேமின் நடுவில் அமைந்திருந்தால் பெரிதாகத் தெரியாது. பிரேமின் தொடக்கத்திலிருந்து திறப்பதாக இருந்தால் மங்கல் தவறான பக்கம் இழுபடும்.

அரைநிழல்

இருவர் சொல்வதிலும் பாதிப்பாதி சரி. என் வழி மூன்றாவது: திரளும் பகுதியைப் பாய்மச் சால்வரிடமே கொடுக்காதீர்கள், துகள்களிடம் கொடுங்கள். துகள்களுக்கு அழுத்தம் என்ற ஒன்றே கிடையாது. ஆயிரம் லிட்டரில் பரவிய பத்து லட்சம் துகள்களை ஒரு லிட்டருக்குள் அடைத்தாலும் அவை முறையிடா.

முதற்பாதியில், துகள்கள் புகையோடு ஓடட்டும். பிளெண்டரில் ஃப்ளூயிட் ஃப்ளோ என்ற விசைப்புலத்தில் உங்கள் டொமைனைச் சுட்டினால், துகள்கள் அதன் திசைவேகத்தைப் பின்பற்றும். புகையின் உள்ளே ஓடும் மெல்லிய நூல்களைப் போல அவை தெரிவதால், குறைந்த ரெசல்யூஷனையும் ஓரளவு மறைத்துவிடும். அந்தத் துகள்களின் கடைசி இருப்பிடங்களை எடுத்துக்கொண்டு, நோட்களை இணைத்து வடிவங்களை ஆக்கும் ஜியோமெட்ரி நோட்ஸின் சிமுலேஷன் பகுதிக்குள் கொண்டுசெல்லுங்கள், பிளெண்டர் 3.6 முதல் அது இருக்கிறது. காகத்தின் மேற்பரப்பில் அதே எண்ணிக்கையில் புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு புள்ளியை இலக்காக ஒதுக்குங்கள்.

இந்த ஒதுக்கீட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு துகளும் தனக்கு மிக அருகிலுள்ள புள்ளிக்குச் செல்லட்டும் என்று விட்டால், புகை வரும் பக்கத்தில் கூட்டம் நெரியும், காகத்தின் மறுபுறம் காலியாகக் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கினால் எல்லாத் துகள்களும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, பிசைந்த மாவைப் போலாகிவிடும். புகையோட்டத்தின் திசையில் துகள்களை வரிசைப்படுத்தி, காகத்தின் அலகிலிருந்து வால் வரை இலக்குகளையும் வரிசைப்படுத்தி, வரிசை எண்ணுக்கு வரிசை எண் பொருத்துங்கள். முன்னால் வந்த புகை அலகாகும், பின்னால் வந்தது வாலாகும். ஓட்டத்தின் வடிவம் உடலின் வடிவத்திற்குள் வழுக்கி நுழைவது போலிருக்கும்.

இழுவிசையைச் சுருள்வில்லைப் போல அமைத்து, தணிப்பை அதிர்வே எழாத அளவுக்குக் கூட்டுங்கள். தணிப்பு குறைந்தால் துகள்கள் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, காகத்தைத் தேனீக் கூட்டம் மொய்ப்பது போலக் காட்டும். வழியில் அவை நேர்கோட்டில் பாயாமலிருக்க, ராபர்ட் பிரிட்சன் 2007-இல் எழுதிய கர்ல் நாய்ஸ் முறையிலான சுழற்புலத்தைச் சேர்த்து, இலக்கை நெருங்க நெருங்க அதன் வலிமையையும் சுழலின் அளவையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் புள்ளிகளை வால்யூமாக மாற்றும் நோட் வழியாக அனுப்பினால் மீண்டும் புகையாகவே ரெண்டர் ஆகும். ஒட்டுப்படலத்தின் பின்னோட்டம், காகத்தின் இறகு விளிம்பில் கடைசிப் பத்து பிரேம்களுக்கு மட்டும் மேலே அமரட்டும்.

புதுக்கணு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கையை வேகமாக வீசும் உருவத்திலிருந்து புகை வர வேண்டும் என்று முயல்கிறேன். தொடர்ச்சியான புகையாக வராமல், மணிகளைக் கோத்தது போல உருண்டை உருண்டையாக வருகிறது. ரெசல்யூஷனைக் கூட்டினால் உருண்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

நீர்ச்சுழி

கை ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்குத் தாவும் தூரம், கையின் தடிமனைவிட அதிகமாக இருக்கிறது. சால்வர் பிரேமுக்கு ஒருமுறை மட்டுமே வெளியேற்றியின் இடத்தைப் பார்ப்பதால் நடுவில் இடைவெளி விழுகிறது. ஃப்ளோ அமைப்பில் சாம்ப்ளிங் சப்ஸ்டெப்ஸ் என்ற எண்ணை 3 அல்லது 4 ஆக்குங்கள். தொடக்கத் திசைவேகத்தையும் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் புகை கையின் வீச்சைப் பெறாமல், கை போன பிறகு அங்கேயே திகைத்து நிற்கும். மாற்றிய பின் கேஷை (முன்பு கணக்கிட்டுச் சேமித்ததை) அழித்துவிட்டு மீண்டும் பேக் செய்யுங்கள். பழைய கேஷைப் பார்த்துக்கொண்டே புதிய அமைப்பைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

கரிக்கோடு

துகள் வழியில் இறங்கிவிட்டேன், காகத்தின் உருவம் வரத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ரெண்டரில் புகை பஞ்சுப் பொதியைப் போல இருக்கிறது, அதிலும் அழுக்குப் பஞ்சு. அடர்த்தியைக் குறைத்தால் ஒன்றுமே தெரிவதில்லை, கூட்டினால் சுவராகிவிடுகிறது. பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில், புகையின் தோற்றத்தை வரையறுக்கும் ஷேடரான பிரின்சிபிள்டு வால்யூமைப் பயன்படுத்துகிறேன்.

திரைவிளிம்பு

ஒளியமைப்புதான் என் தொழில், ஆகவே இதற்கு நான் பதில் எழுதுகிறேன். அடர்த்திக்கும் நீங்கள் காணும் திண்மைக்கும் நேர்விகித உறவு இல்லை. ஒரு மீட்டர் புகை ஒளியில் பாதியை விடுகிறதென்றால், இரண்டு மீட்டர் கால் பங்கையும், மூன்று மீட்டர் அரைக்கால் பங்கையும்தான் விடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் சிறிது கூட்டினாலும் சுவராகிவிடும். ஒரே எண்ணை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்காமல், அடர்த்திப் புலத்தை, மதிப்புகளை மாற்றியமைக்கும் ஒரு கலர் ராம்ப் நோட் வழியாக அனுப்பி, மெல்லிய பகுதிகளை இன்னும் மெல்லியதாக்கி, அடர்ந்த நடுப்பகுதிகளை மட்டும் தூக்குங்கள். புகைக்கு உள்கட்டமைப்பு அப்போதுதான் தெரியும். துகள்களிலிருந்து செய்த வால்யூமின் அடர்த்தி அளவு வேறாக இருக்கும் என்பதால், இரண்டுக்கும் ஒரே ஷேடரைப் போட்டுவிட்டு ஏன் பொருந்தவில்லை என்று திகைக்காதீர்கள். இரண்டையும் ஒரே பிரேமில் அருகருகே வைத்துக் கண்ணால் பொருத்துங்கள்.

அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் சைக்கிள்ஸில் வால்யூம் பவுன்ஸ் எண் தொடக்கத்தில் பூச்சியமாக இருப்பதுதான். ஒளி புகைக்குள் ஒருமுறை மட்டுமே சிதறிவிட்டு நின்றுவிடுகிறது. உண்மையான வெண்புகையில் அது பலமுறை சிதறுவதால்தான் உள்ளிருந்து ஒளிர்வது போலிருக்கும். 2 முதல் 4 வரை வைத்துப் பாருங்கள். ரெண்டர் நேரம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து விழும் ஒளி புகையைத் தட்டையாக்கிவிடும். உங்கள் ஷாட்டில் சன்னலே இருக்கிறது. அதையே முதன்மை ஒளியாக்கி, புகைக்குப் பின்னாலிருந்து வரவிடுங்கள். ஒளி எந்தத் திசையில் அதிகம் சிதறும் என்பதைச் சொல்லும் அனைசோட்ரபி மதிப்பை 0.4 அளவில் வைத்தால் ஒளி முன்னோக்கிச் சிதறி, விளிம்புகள் ஒளிக்கீற்றாக மின்னும்.

யாரும் இன்னும் தொடாத ஒன்று நிறம். முதியவரின் சட்டையிலிருந்து பிறக்கும் புகை முதல் கணத்திலேயே சாம்பல் நிறமாக இருந்தால், அது அவருடைய பொருளாலானது என்ற நம்பிக்கை வராது. ஃப்ளோவில் புகைக்கு நிறம் கொடுக்கலாம். ஒரு வெளியேற்றிக்கு ஒரு நிறம்தான் என்பதால், சட்டை, தோல், தலைமுடி மூன்றையும் தனித்தனி வெளியேற்றிகளாகப் பிரித்து, ஷேடரில் அந்த நிறப் புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பை விட்டு விலகிய பிறகு சாம்பலாகட்டும், பிறகு கறுப்பாகட்டும்.

ஒட்டுப்படலம்

நிறம் பற்றிச் சொன்னது மிகவும் சரி. என் பங்குக்கு ஒன்று: உடலையும் புகையையும் தனித்தனி படலங்களாக ரெண்டர் செய்வதாக இருந்தால், புகையின் படலத்தில் உடலை ஹோல்ட்அவுட்டாக (தான் தெரியாமல், தனக்குப் பின்னாலிருப்பதை மட்டும் மறைக்கும் பொருளாக) வைக்க மறவாதீர்கள். உடலுக்குப் பின்னால் ஓடும் புகையும் முன்னால் ஓடும் புகையும் ஒரே படலத்தில்தான் இருக்கும். ஹோல்ட்அவுட் இல்லாவிட்டால் பின்னாலிருப்பதும் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆழத் தகவலோடு கம்போசிட் செய்யும் வசதி உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2013-இல் வந்த ஓப்பன்இஎக்ஸ்ஆர் 2.0 முதல் அதற்கான கோப்பு வடிவம் இருக்கிறது. ஆனால் கோப்புகள் வட்டை விழுங்கிவிடும்.

பின்னோட்டத்தைப் பத்து பிரேமுக்குச் சுருக்கியதையும் ஏற்றுக்கொள்கிறேன், அரைமனதோடு.

கரிக்கோடு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஷாட் முடிந்துவிட்டது. இதே வழியில் வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் என்ன செய்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் 12 பிரேம்களில் புகையே இல்லை. சுண்டு விரலின் நுனி மட்டும் கூர்மை இழந்து மங்குகிறது. 13 முதல் 54 வரை கை, தோள், மார்பு, முகம் என்று கரைகிறது. முகத்தைக் கடைசிக்கு முன்னதாக வைத்தேன். முகம் போன பிறகும் சில பிரேம்கள் மடியும் முழங்காலும் நாற்காலியில் இருப்பது ஏனோ மிகுந்த அமைதியைத் தருகிறது. பெரிய டொமைனின் ரெசல்யூஷனை 256-இலிருந்து 192 ஆகக் குறைத்துவிட்டேன். துகள் நூல்கள் சேர்ந்த பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பேக் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 55 முதல் 72 வரை வெறும் புகை. 73 முதல் துகள்கள் இலக்கைத் தேடுகின்றன, 98 முதல் 108 வரை பின்னோட்டப் புகை இறகு விளிம்பில் மட்டும்.

இரண்டு தவறுகள் செய்தேன். காகத்தை மோதுபொருளாகப் பழைய அமைப்பிலேயே விட்டுவைத்திருந்ததை ஐந்து நாள் கவனிக்கவில்லை. திரள வேண்டிய புகையை அதுவே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நீர்ச்சுழி சொன்ன காரணம் முழுவதும் உண்மைதான், ஆனால் என் அறியாமையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. இரண்டாவது, எல்லாத் துகள்களும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி வைத்திருந்தேன்; காகம் அச்சில் வார்த்ததைப் போல ஒரே கணத்தில் முளைத்தது. இப்போது உடலின் நடுப்பகுதி முதலிலும் சிறகு நுனிகள் 20 பிரேம் தாமதமாகவும் சேர்கின்றன.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. காகம் முழுமையானதும் சட்டென்று பொம்மையாகத் தெரிகிறது.

அரைநிழல்

கண்ணை எப்போது கொண்டுவருகிறீர்கள்? உடல் முடிந்த பிறகு என்றால், அதை முன்னால் நகர்த்துங்கள். புகைக்குள் வெறும் கண்ணின் பளபளப்பு மட்டும் 80-ஆவது பிரேமில் தெரியட்டும், அது ஒருமுறை இமைக்கட்டும், பிறகு அதைச் சுற்றித் தலை சேரட்டும். கடைசி ஆறு பிரேம்களில் காகம் உடலை ஒருமுறை சிலுப்பட்டும். அப்போது கழுத்து இறகுகளிலிருந்து இரண்டு மூன்று புகை இழைகள் உதிர்ந்து விலகினால் போதும்.

கரிக்கோடு

கண்ணை 78-இல் வைத்தேன், சிலுப்பலையும் சேர்த்தேன். பொம்மைத்தனம் போய்விட்டது. சிலுப்பும்போது உதிரும் இழைகளில் ஒன்றுக்கு மட்டும், யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தும், முதியவரின் சட்டை நிறத்தைக் கொடுத்திருக்கிறேன்.